மூடுபனியில் ஒரு பெயர்ப்பலகை

ஹட்டனிலிருந்து கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ7 வீதியில் பெயர்ப்பலகைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஊர்ப் பெயர், தோட்டப் பெயர், டிவிஷன் பெயர், பாடசாலை, கோயில், தேயிலைத் தொழிற்சாலை, பஸ்ஸின் முன்கண்ணாடியில் போகுமிடம். அரசாங்கப் பலகை என்றால் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று வரி இருக்கும். பின்னேரம் பனி இறங்கத் தொடங்கியதும் இவை ஒவ்வொன்றாக மங்கும். ஆனால் ஒரே பலகையில் உள்ள மூன்று வரிகளும் சேர்ந்து மங்குவதில்லை. ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகள் கடைசிவரை தாக்குப்பிடிக்கின்றன. தமிழ் வரி அதற்கு முன்பே கலங்கிப்போகிறது.

பெயின்ட் மட்டமானது என்றோ, எழுதியவர் கவனமில்லாதவர் என்றோ இதைத் தள்ளிவிட முடியாது. எழுத்தின் வடிவம், கண்ணின் எல்லை, பனித்துளியின் இயல்பு ஆகிய மூன்றும் சேர்ந்து தரும் விளைவு இது. அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள, தடித்து, ஒடுங்கி, உயர்ந்து நிற்கும் ஒருவகை எழுத்தை அறிந்துகொள்ள வேண்டும். தலைப்புச் செய்தியிலும் சுவரொட்டியிலும் பஸ் பலகையிலும் நாள்தோறும் கண்ணில் படுவது அந்த எழுத்துத்தான்.

புத்தக எழுத்து கைக்கெட்டிய தூரத்தில் வாசிக்கப்படுவது. சுவரில் ஒட்டும் விளம்பரத்துக்கு அது போதாது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் சுவர்களில் விளம்பரங்கள் நெருக்கியடிக்கத் தொடங்கியபோது, தூரத்திலிருந்தே ஆளை நிறுத்தும் எழுத்தை அச்சகங்கள் தேடின. 1816 அளவில் நான்காம் வில்லியம் காஸ்லனின் அச்செழுத்து வார்ப்பகம் தன் மாதிரிப் புத்தகத்தில் ஓர் எழுத்தைக் காட்டியது. கோடுகளின் நுனியில் வழக்கமாக இருக்கும் சிறு கால்கள் அதில் இல்லை. பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன. 1830களின் நடுவில் வில்லியம் தோரோகுட் வெளியிட்ட 'குரொட்டெஸ்க்' தடிப்பும் ஒடுக்கமும் கொண்டது, சிறிய எழுத்துகளும் சேர்ந்தது. இன்று பத்திரிகைத் தலைப்புகளில் காணும் பல எழுத்துருக்களுக்கு அதுவே முன்னோடி.

அடுத்த தடை கனம். ஒரு சாண் உயர எழுத்தை ஈயத்தில் வார்த்தால் தூக்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. நியூயோர்க்கில் டேரியஸ் வெல்ஸ் 1820களின் இறுதியில் இயந்திரத்தால் குடைந்த மர எழுத்துகளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். சில ஆண்டுகளில் வில்லியம் லெவன்வர்த் ஒரே மூல வடிவத்தைப் பார்த்துப் பல பிரதிகளைச் செதுக்கும் பான்டோகிராஃப் கருவியை அதனுடன் இணைத்தார். சர்க்கஸ், நாடகம், ஏலம், தேர்தல் என எல்லாச் சுவரொட்டிகளும் மர எழுத்துக்கு மாறின. நீளமான பெயரைச் சிறிய தாளில் அடக்க வேண்டியிருந்ததால் அகலம் குறைந்த எழுத்துக்கே கிராக்கி அதிகம். 1903இல் மொரிஸ் ஃபுல்லர் பென்டன் வரைந்த 'ஆல்டர்நேட் கோதிக்', 1965இல் ஜெஃப்ரி லீ ஷெஃபீல்டின் ஸ்டீவன்சன் பிளேக் வார்ப்பகத்துக்காக வரைந்த 'இம்பெக்ட்' ஆகியவை அந்த வழியில் வந்தவை. இம்பெக்ட் பின்னர் விண்டோஸ் கணினிகளோடு சேர்ந்து உலகம் முழுக்கப் போனது.

பயணத்துக்கும் இந்த எழுத்துக்கும் உறவு நெருக்கமானது. லண்டன் போக்குவரத்துக்காக 1916இல் எழுத்து வரைந்த எட்வர்ட் ஜோன்ஸ்டன், 1920களில் பஸ்களின் போகுமிடப் பலகைக்கென்றே தடித்த ஒடுங்கிய வடிவம் ஒன்றைத் தனியாக வரைந்தார். ஜெர்மனியின் 'டின் 1451' என்ற தரநிலை 1930களிலிருந்தே பல அகலங்களை வைத்திருந்தது; அவற்றில் வழக்கமான அகலம் ஒன்று, ஒடுங்கிய அகலம் ஒன்று. ஊர்ப் பெயர் பலகையில் அடங்காவிட்டால் மட்டுமே இரண்டாவதை எடுக்க வேண்டும். அந்த இரண்டாவது, முதலாவதை நசுக்கிப் பெற்றதல்ல. ஒவ்வொரு எழுத்தும் மறுபடி வரையப்பட்டது. இந்த வேறுபாட்டில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

இருபது மில்லிமீற்றர் தடிப்புள்ள ஓர் எழுத்தைக் கணினியில் பிடித்து, உயரத்தை மாற்றாமல் அகலத்தை மட்டும் அறுபது வீதமாக்கினால் என்ன நடக்கும்? நிமிர்ந்து நிற்கும் கோடு பன்னிரண்டு மில்லிமீற்றராகச் சூம்பும். படுத்திருக்கும் கோடு இருபதாகவே இருக்கும். வளைவுகளில் தடிப்பு ஓர் இடத்தில் ஏறி, ஓர் இடத்தில் இறங்கும். ட என்ற எழுத்தின் அடிக்கோடு பருத்து, நிமிர்கோடு மெலிந்து நிற்பதைப் பல பெனர்களில் பார்க்கலாம். ஒடுங்கிய எழுத்தை முறையாக வரைபவர் வேறு வழியில் போகிறார். கோட்டின் தடிப்பை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு, எழுத்தின் வயிற்றுக்குள் இருக்கும் வெற்றிடத்திலிருந்து அகலத்தை எடுக்கிறார். வட்டத்தின் இரு பக்கங்களையும் நேர்கோடாக்குகிறார். ஆங்கில ஓ அவர் கையில் வட்டமாக இருக்காது. பக்கங்கள் நேராகி, மேலும் கீழும் மட்டும் வளைந்திருக்கும்.

ஆங்கிலத்துக்கு இது எளிது. பெரிய எழுத்துகளில் பல, இரண்டு நிமிர்கோடுகளும் நடுவில் ஒரு வெற்றிடமும் கொண்டவை. எச், என், யு, ஓ, டி எல்லாம் அப்படித்தான். வெற்றிடத்தைக் குறைத்தாலும் எழுத்து எழுத்தாகவே இருக்கும்.

தமிழுக்கு இது எளிதாக வராததற்குக் காரணம் ஓலை. பல நூற்றாண்டுகள் எழுத்தாணியால் கீறி எழுதப்பட்ட எழுத்து இது. கீறலுக்குத் தடிப்பு வேறுபாடு கிடையாது. கையை எடுக்காமல் சுழித்துச் சுழித்துப் போகலாம். எழுத்துக்கு எழுத்து உள்ள வேறுபாடு பெரும்பாலும் சுழிகளின் எண்ணிக்கையிலும் திசையிலும்தான். ன, ண இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒரு வளைவு. ெ, ே இரண்டுக்கும் இடையில் ஒரு சிறு சுழி. லி, லீ இரண்டுக்கும் இடையில் தலையில் ஒரு சிறு வளையம். ண என்ற எழுத்தின் இடுப்பில் குறுக்காக ஒரு கோடு கிழித்தால் அது ஐந்து இடங்களிலாவது வெட்டும். ஐந்து கோடு என்றால் அவற்றுக்கு நடுவே நான்கு வெற்றிடம். ஒன்பது பங்கு. எச்சுக்கு மூன்றே பங்கு.

இந்த ஒன்பதையும் மூன்றையும் கண்ணின் எல்லையோடு சேர்த்துப் பார்க்கலாம். டச்சுக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862இல் வெளியிட்ட எழுத்து அட்டையின் அடிப்படை இன்றும் மாறவில்லை. குறையில்லாத கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அகலமுள்ள நுணுக்கத்தைப் பிரித்தறியும். ஐம்பது மீற்றர் தூரத்தில் அது சுமார் ஒன்றரை சென்ரிமீற்றர். இப்போது ஒன்பது சென்ரிமீற்றர் அகலத்தில் எச் ஒன்றையும் ண ஒன்றையும் எழுதுவோம். எச்சில் ஒவ்வொரு பங்கும் மூன்று சென்ரிமீற்றர். நூறு மீற்றருக்கு அப்பாலிருந்தும் தெரியும். ணவில் ஒவ்வொரு பங்கும் ஒரு சென்ரிமீற்றர். சுமார் முப்பத்து நான்கு மீற்றருக்குள் வந்தால்தான் கோடுகள் பிரியும். மணிக்கு முப்பது கிலோமீற்றரில் வளைவில் ஏறும் பஸ்ஸின் சாரதிக்கு எச்சை வாசிக்கப் பன்னிரண்டு செக்கன் கிடைக்கிறது, ணவுக்கு நான்கு. ஒரே பலகை, ஒரே அகலம், ஒரே பெயின்ட்.

இது வெயில் நேரத்துக் கணக்கு. நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில், 2,524 மீற்றர் உயரமுள்ள பிதுருதலாகல மலையின் அடியில் இருக்கிறது. தாழ்நிலத்திலிருந்து மலைச்சரிவில் ஏறும் ஈரக்காற்று உயர உயரக் குளிர்ந்து, தாங்க முடியாத நீரைச் சிறு துளிகளாக விடுகிறது. கீழே இருந்து பார்ப்பவருக்கு அது மேகம். அதற்குள் நிற்பவருக்குப் பனி. கிடைப்பார்வை ஒரு கிலோமீற்றருக்குக் குறைந்தால் வானிலையாளர்கள் அதை மூடுபனி என்று பதிவார்கள். மலைநாட்டு வளைவுகளில் அது நூறு மீற்றருக்குக் கீழே போவது புதினமல்ல.

பனித்துளி மிகச் சிறியது என்றாலும் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிட்டால் பல மடங்கு பெரியது. அதனால் எல்லா நிற ஒளியையும் ஏறக்குறைய ஒரேயளவு சிதறடிக்கிறது. பனி வெள்ளையாகத் தெரிவது அதனால்தான். பலகையிலிருந்து கண்ணுக்கு வரவேண்டிய ஒளி வழியில் சிதறிப்போகிறது. சுற்றுப்புற ஒளி சிதறி அதே வழியில் கண்ணுக்கு வருகிறது. கறுப்பு வெளுக்கிறது, வெள்ளை மங்குகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தூரத்தோடு எப்படிக் குறைகிறது என்பதை ஜெர்மானிய வானிலை அறிஞர் கொஷ்மீடர் 1924இல் சமன்பாடாக்கினார். வேறுபாடு இரண்டு வீதமாக விழும் தூரத்தைக் கிடைப்பார்வையின் எல்லை என்று அவர் கொண்டார். அந்த எல்லை நூறு மீற்றர் என்றால், இருபத்தைந்து மீற்றரில் பலகையின் கறுப்பு வெள்ளை வேறுபாட்டில் மீதியிருப்பது 38 வீதம். ஐம்பது மீற்றரில் 14 வீதம். எழுபத்தைந்தில் ஐந்து வீதம்.

மங்கலில் கண் எதைப் பார்க்கிறது என்பது அடுத்த கேள்வி. 1968இல் கேம்பெல், ரொப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் கறுப்பு வெள்ளைப் பட்டைகளை வைத்து இதை ஆராய்ந்து முக்கியமான கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். வேறுபாடு நன்றாக இருக்கும்போது கண் மெல்லிய பட்டைகளையும் பிரித்தறிகிறது. வேறுபாடு குறையக் குறைய மெல்லிய பட்டைகளே முதலில் மறைகின்றன. ஒரு பாகைக்குள் மூன்று முதல் ஐந்து பட்டைச் சோடிகள் வரும் அளவுக்குத் தடித்தவை கடைசிவரை நிற்கின்றன. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு என்ற ஸ்னெல்லன் எல்லை பனிக்குள் செல்லாது. அங்கே கோடும் பருமனாக இருக்க வேண்டும், கோட்டுக்கு நடுவே உள்ள வெற்றிடமும் பருமனாக இருக்க வேண்டும். பெரிய வெற்றிடங்களோடு இருக்கும் எச்சுக்கு அது கிடைக்கிறது. நசுக்கிய ணவுக்குள் கோட்டைத் தடிப்பாக்கினால் வெற்றிடம் சாகிறது; வெற்றிடத்தைக் காப்பாற்றினால் கோடு சாகிறது.

இன்னொரு தடையும் உண்டு. நெதர்லாந்தின் ஹெர்மன் பௌமா 1970இல் எழுதிய சிறு கட்டுரை ஒன்று, ஓர் எழுத்தை அதன் பக்கத்து எழுத்துகளே எப்படி மறைக்கின்றன என்று காட்டியது. பார்வையின் மையத்திலிருந்து விலகி இருக்கும் எழுத்தை அடையாளம் காண, அது விலகியிருக்கும் கோணத்தில் ஏறக்குறையப் பாதியளவு இடைவெளி அதற்கும் பக்கத்து எழுத்துக்கும் நடுவே வேண்டும். வீதியில் கண் வைத்திருக்கும் சாரதிக்கு நான்கு பாகை தள்ளி நிற்கும் பலகையில், ஐம்பது மீற்றர் தூரத்தில், அந்த இடைவெளி ஒன்றேமுக்கால் மீற்றர். எந்தப் பலகையும் அதைத் தராது. அதனால் கண்ணைத் திருப்பியே ஆகவேண்டும்; பள்ளம் ஒரு பக்கம் இருக்கும் வீதியில் திருப்பிய கண்ணை எவ்வளவு சீக்கிரம் திரும்ப எடுக்கலாம் என்பதே பலகையின் தரத்துக்கு அளவுகோல். எழுத்துகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்து இடம் மிச்சப்படுத்துவது இந்த அளவுகோலில் தோற்றுப்போகும்.

அகலம் ஒரு பக்கம் என்றால் உயரம் இன்னொரு பக்கம். தமிழ் வரி மூன்று மாடிக் கட்டடம். நடு மாடியில் எழுத்தின் உடல். மேல் மாடியில் ி, ீ கொக்கிகளும் புள்ளியும். கீழ் மாடியில் உகர, ஊகார வால்கள். நுவரெலியா என்ற பெயருக்கு மூன்று மாடியும் தேவை: நுவின் வால் கீழே, லியின் கொக்கி மேலே. பூண்டுலோயாவுக்கும் அப்படித்தான். லிந்துலைக்கும் அப்படித்தான். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு ஒரே மாடி. தனக்குக் கொடுத்த பட்டை முழுவதையும் அது நிரப்பிவிடும். மூன்று மொழிக்கும் ஆளுக்குப் பதினைந்து சென்ரிமீற்றர் என்று பலகையைச் சமமாகப் பிரித்தால், ஆங்கிலத்தின் உடல் பதினைந்துக்கு அருகே நிற்க, தமிழின் உடல் அதில் பாதியளவுக்குச் சுருங்குகிறது. பார்வைக்கு நீதியாகத் தெரியும் பங்கீடு, வாசிப்பில் நீதியாக இல்லை.

ஒடுக்கத்தின் பயனும் இங்கேதான் தலைகீழாகிறது. பலகையின் அகலம் மாறாமல் உயரம் கூட இடமிருந்தால், ஒடுங்கிய எழுத்து லாபம். அகலம் அதேதான், எழுத்து நெடிதாகிறது, மாடிகள் மூன்றும் விரிகின்றன. உயரம் கட்டுப்பட்டிருக்கும்போது அகலத்தையும் நசுக்கினால் நட்டம் மட்டுமே மிஞ்சும். மூன்று சமபட்டைப் பலகையில் தமிழுக்கு நேர்வது இந்த இரண்டாவது. நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் சிங்களமும் தமிழும் நிர்வாக மொழிகளாக உள்ளவை. 1987இல் பதின்மூன்றாவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. தமிழ் பலகையில் இடம்பெற வேண்டும் என்பது இப்போது சட்டம். அது எத்தனை மீற்றரிலிருந்து வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதும் அதே உரிமையின் பாகம். இந்தப் பட்டைகளைச் சமமாகப் பிரிப்பதை நிறுத்தி, வளைவு மிகுந்த எழுத்துகளுக்குக் கூடுதல் உயரம் கொடுப்பதுதான் முதல் திருத்தமாக இருக்க வேண்டும்.

தமிழில் நல்ல ஒடுங்கிய எழுத்து இருந்ததே இல்லையா என்றால், இருந்தது. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தொடங்கி, தமிழ் அச்செழுத்தின் கவனம் நெடுங்காலம் புத்தக எழுத்திலேயே இருந்தது. பெரிய தலைப்புக்கு உலோக எழுத்து போதாதபோது ஓவியரை அழைத்தார்கள். அவர் தூரிகையால் எழுதுவார். அதை பிளாக் செய்து அச்சடிப்பார்கள். 1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் கொழும்பில் தொடங்கிய காலத்துத் தமிழ்ப் பத்திரிகை உலகம் அப்படித்தான் இயங்கியது. சினிமாச் சுவரொட்டி, கதைத் தலைப்பு, தொழிற்சங்கக் கூட்ட அறிவித்தல் எல்லாவற்றிலும் அந்தக் கை இருந்தது. தலைப்பு நீளமாக இருந்தால் ஓவியர் எல்லா எழுத்தையும் ஒரேயளவு நசுக்கமாட்டார். டவையும் ரவையும் ஒடுக்கி, ணவுக்கும் ஞவுக்கும் இடம் விடுவார். கொக்கியைப் பக்கத்து எழுத்தின் தோள்மேல் சாய்ப்பார். ண போன்ற எழுத்தில் கோட்டைச் சற்று மெலிதாக்கி, தூரத்தில் எல்லாம் ஒரே தடிப்பாகத் தெரியும்படி கண்ணை ஏமாற்றுவார். இன்றைய எழுத்துரு வடிவமைப்பாளர் செய்வதும் இதுவே.

கணினி வந்தபோது அந்தக் கை போய்விட்டது. இலங்கைத் தமிழ் அச்சில் பாமினி எழுத்துரு நெடுங்காலம் கோலோச்சியது. தட்டச்சு செய்யவும் புத்தகம் கோக்கவும் அது செய்த சேவை பெரியது. ஆனால் பெனர் அடிக்கும் கடையில் 'கொஞ்சம் ஒடுக்கிப் போடுங்கள்' என்று கேட்டால், செய்ய முடிந்தது மூலையைப் பிடித்து இழுப்பதுதான். கடைக்காரரைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. ஆங்கிலத்தில் ஒடுங்கிய எழுத்துருக்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. தமிழில் அவர் கையில் எதுவும் இருக்கவில்லை.

மலைநாட்டுக்கு இன்னொரு எழுத்து மரபும் தெரியும்: ஸ்டென்சில். தேயிலை பலகைப் பெட்டிகளில் போன காலத்தில், ஒவ்வொரு பெட்டியின் முகத்திலும் தோட்டத்தின் பெயர், பீ.ஓ.பி. போன்ற தேயிலைத் தரம், எடை, வரிசை எண் எல்லாம் தகட்டில் வெட்டிய எழுத்தின் வழியாக மை பூசி இடப்பட்டன. கொழும்பில் 1883இல் தொடங்கிய ஏலத்துக்கும் லண்டனுக்கும் போகும் பெட்டி என்பதால் எழுத்து ஆங்கிலம். கொழுந்து பறித்த, அரைத்த, பெட்டியை ஏற்றிய கைகளின் மொழிக்கு அந்த முகத்தில் இடம் இருக்கவில்லை. பின்னர் பெட்டி போய்க் காகித மூட்டை வந்தது.

தகட்டு எழுத்துக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. மூடிய வட்டத்தை வெட்டினால் நடுத்துண்டு கழன்று விழும். அதைப் பிடித்துவைக்கச் சிறு பாலங்கள் வேண்டும். ட, ப போன்றவற்றுக்குப் பாலமே தேவையில்லை. க, த, வ, ண ஆகியவற்றில் மூடிய வயிறு உண்டு. ஒவ்வொரு பாலமும் எழுத்தில் ஒரு வெட்டு. வெட்டு தவறான இடத்தில் விழுந்தால் ஓர் எழுத்து இன்னோர் எழுத்தாகத் தோன்றும். கொழும்பைச் சேர்ந்த மூனியாக் என்ற எழுத்துரு வடிவமைப்பாளர் குழு, இலங்கைத் தெருக்களின் ஸ்டென்சில் எழுத்துகளிலிருந்து 'போஸ்ட் நோ பில்ஸ்' என்ற எழுத்துருவை உருவாக்கியபோது, சிங்களத்துக்கும் தமிழுக்கும் இந்தப் பாலங்களை எழுத்துக்கு எழுத்து தீர்மானிக்க வேண்டியிருந்தது. சிங்களப் பதிப்புக்குக் கொழும்பின் பெயரும் தமிழ்ப் பதிப்புக்கு யாழ்ப்பாணத்தின் பெயரும் வைத்தார்கள். எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். இந்த நாட்டுச் சுவரிலிருந்தே பிறந்த ஒரு தமிழ்த் தலைப்பு எழுத்து கிடைத்திருப்பது கொண்டாட வேண்டிய விஷயம்.

தடித்த எழுத்துக்கு மையும் எதிரி. இரண்டு கோடுகள் சந்திக்கும் மூலையில் மை தேங்கி அப்பிக்கொள்ளும். அமெரிக்கத் தொலைபேசிக் கோவைக்காக மெத்தியூ கார்ட்டர் 1978இல் வரைந்த 'பெல் சென்டெனியல்' எழுத்தில், மூலைகளை வேண்டுமென்றே குடைந்து வைத்தார். மை பரவி அந்தக் குடைவை நிரப்பியதும் எழுத்து சரியான வடிவத்துக்கு வந்துவிடும். இரவு வீதியில் மையின் இடத்தை ஒளி பிடிக்கிறது. வாகன விளக்கு பட்டதும் வெள்ளை எழுத்து பூரித்துத் தன் வெற்றிடங்களைத் தானே மூடிக்கொள்ளும். அமெரிக்க நெடுஞ்சாலைகளுக்கு வந்த 'கிளியர்வியூ' எழுத்துரு இந்தப் பூரிப்பை எண்ணியே உள்வெளிகளை அகலமாக்கியது. சுழிகள் நிறைந்த தமிழுக்கு அந்தக் கவனம் இரட்டிப்பாகத் தேவை.

சில பஸ்களில் இப்போது மின்விளக்குப் புள்ளிகளால் ஆன பலகை வருகிறது. ஆங்கில எழுத்துக்கு ஐந்து நிரல் அகலமும் ஏழு வரி உயரமும் போதும். ணவின் ஐந்து கோட்டையும் நான்கு வெற்றிடத்தையும் காட்ட ஒன்பது நிரல் இல்லாமல் முடியாது; மேலும் கீழும் கொக்கியும் வாலும் சேர்ந்தால் ஏழு வரியும் போதாது. பலகை வாங்கும்போதே இந்தக் கணக்கைப் பார்க்காவிட்டால் பின்னர் எந்த எழுத்துருவாலும் அதைச் சரிசெய்ய இயலாது.

எழுத்துருவுக்குப் பஞ்சம் இருந்த காலம் முடிந்துவிட்டது. மும்பையின் எக் டைப் நிறுவனம் 2022இல் வெளியிட்ட 'அனேக்' குடும்பத்தில் தமிழ் வடிவத்தை வரைந்தவர் ஆதர்ஷ் ராஜன். அதன் தடிப்பையும் அகலத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம். வழக்கமான அகலத்தை நூறு என்று கொண்டால் எழுபத்தைந்து வரை ஒடுங்கும், நூற்றிருபத்தைந்து வரை விரியும். கூகுளின் 'நோட்டோ சான்ஸ் தமிழ்' அறுபத்திரண்டரை வரை ஒடுங்கும். இவை நசுக்கியவையல்ல; ஒடுங்கிய முனையிலும் தடித்த முனையிலும் எழுத்துகளைத் தனியாக வரைந்து, இடைப்பட்டவற்றைக் கணினி கணக்கிட்டுத் தருகிறது. இரண்டும் இலவசம். இலங்கையிலேயே 'கவிவனார்' வரைந்த தாரிக் அஸீஸ் போன்ற வடிவமைப்பாளர்கள் இருக்கிறார்கள். பலகைக்கான விவரக்கோப்பில் எழுத்துருவின் பெயர், அகலம், உடலின் உயரம் மூன்றையும் எழுதிக் கொடுத்தால் ஹட்டனில் உள்ள எந்தக் கடையாலும் செய்ய முடிகிற வேலை இது.

ஆனால் மலைநாட்டுப் பெயர்களில் ஒரு தனிச்சிக்கல் இருக்கிறது. பொதுவான தமிழ் உரையில் ஹ, ஸ, ஜ ஆகியவை எப்போதாவது வருபவை. வடிவமைப்பாளர் அவற்றைக் கடைசியில் வரைகிறார், சோதனையும் குறைவு. இங்கே அவை அன்றாடம். ஹட்டன், மஸ்கெலியா, ஹங்குராங்கெத்த. ஹவும் ஸவும் தமிழின் அகலமான எழுத்துகளில் சேர்ந்தவை. ஒடுக்கினால் முதலில் உருக்குலைபவையும் அவைதான். பத்திரிகைகளில் அட்டன் என்றும் எழுதுகிறார்கள். பலகைக் கணக்கில் பார்த்தால் அந்த ஓர் எழுத்து மாற்றம் வாசிப்புத் தூரத்தைக் கூட்டக்கூடும். ஆயினும் எழுத்துக்காக ஊரின் பெயரை மாற்றச் சொல்வது முறையல்ல. எழுத்துருதான் ஊருக்கு ஏற்ப வர வேண்டும்.

ஐரோப்பிய வடிவமைப்பாளர்கள் புதிய எழுத்தைச் சோதிக்க 'ஹம்பர்கெஃபோன்ஸ்டிவ்' என்ற பொருளற்ற சொல்லை எழுதிப் பார்ப்பார்கள். முக்கியமான வளைவுகள் எல்லாம் அதில் வந்துவிடும். மலைநாட்டுப் பலகைக்குச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. மூன்று மாடிக்கு நுவரெலியா. வால், புள்ளி, இரட்டைப் பக்கக் குறி மூன்றுக்கும் பூண்டுலோயா. நீளத்துக்கு அக்கரப்பத்தனை. ஒன்றுபோல் வரும் கோடுகளுக்குப் பொகவந்தலாவ. அகலமான எழுத்துகளுக்கு ஹங்குராங்கெத்தவும் மஸ்கெலியாவும். இந்த ஆறு பெயரையும் உண்மை அளவில் அச்சிட்டு, நானுஓயாவில் பனி விழும் ஒரு பின்னேரம் வீதியோரம் நிறுத்தி, ஐம்பது மீற்றரிலிருந்து நடந்துவந்து, எந்தப் பெயர் எத்தனையாவது மீற்றரில் வாசிக்கக் கிடைக்கிறது என்று குறித்துக்கொள்ளலாம். அந்தக் குறிப்பில் கடைசியாக வரும் பெயர்தான் பலகை முழுவதற்கும் எழுத்தின் அளவைத் தீர்மானிக்க வேண்டிய பெயர்.